ஒரு ஹெலிகாப்டர் விமானி, என் நண்பன்: அவனைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் நண்பன் போன மாதம் போய்விட்டான். 38 வருஷப் பழக்கம். அவன் ஹெலிகாப்டர் விமானி. நான் அவன் ஓட்டிய ஹெலிகாப்டர்களைப் பழுது பார்த்த டெக்னீஷியன். செய்தி பரவிய நாளிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. கூட வேலை பார்த்தவர்கள், அவனிடம் பறக்கக் கற்றவர்கள், அவன் தூக்கிவந்து காப்பாற்றியவர்கள், அவன் பிள்ளைகள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாதிக் கேள்விகள் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி பெயர் போடவில்லை. முதல் மூன்று வருஷம் அவனை 'சார்' என்றுதான் கூப்பிட்டேன், அப்புறம் 'டேய்'. நடுவில் 'அவர்' என்று ஒரு காலம் இருந்ததே இல்லை. அதனால் இங்கேயும் அவன் என்றே எழுதுகிறேன்.

விபத்திலா இறந்தார்?

இல்லை. ஹெலிகாப்டர் விமானி என்றதும் முதலில் எல்லோரும் கேட்பது இதைத்தான். உடம்பு சரியில்லாமல், வீட்டில், படுக்கையில் இறந்தான். வயது 71. பறப்பதை நிறுத்திப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

உங்களுக்கும் அவருக்கும் எப்படிப் பழக்கம்?

ஒரு தப்பில் தொடங்கிய பழக்கம். அவன் தப்புதான்.

நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் மாலை ஹெலிகாப்டரை நிறுத்திவிட்டு நேராக ஹேங்கருக்குள், அதாவது நாங்கள் பழுது பார்க்கும் கொட்டகைக்குள், வந்தான். "சுமையைத் தூக்கும்போது காற்று அடித்தது. கலெக்டிவை அதிகமாக இழுத்துவிட்டேன். டார்க் 112 வரை போனது. மூன்று விநாடி இருக்கும்" என்றான்.

கலெக்டிவ் என்பது ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் நெம்புகோல். டார்க் என்பது என்ஜினிலிருந்து கியர்பாக்ஸ் வழியாக, மேலே சுற்றும் ரோட்டருக்குப் போகும் முறுக்கு விசை. அதற்கு ஓர் எல்லை உண்டு. 100 என்றால் அங்கே நிற்க வேண்டும். தாண்டினால் கியர்பாக்ஸுக்குள் பல் சக்கரங்கள் எப்படி இருக்கின்றன என்று வெளியிலிருந்து தெரியாது. எவ்வளவு தாண்டியது, எத்தனை விநாடி என்பதைப் பொறுத்துத்தான் எதையெல்லாம் திறந்து பார்க்க வேண்டும் என்று முடிவாகும். இப்போதைய இயந்திரங்களில் கணினியே பதிந்து வைத்துவிடும். அந்தப் பழைய இயந்திரத்தில் அப்படி எதுவும் கிடையாது. பக்கத்து இருக்கையிலும் ஆள் இல்லை. முள் 112-ஐத் தொட்டதைப் பார்த்தது அவன் ஒருவன்தான். சொல்லாமல் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அவன் சொன்னான், அதோடு நிற்காமல் பதிவேட்டில் தன் கையெழுத்தில் எழுதினான். இயந்திரம் நான்கு நாள் தரையில் நின்றது. எண்ணெயை வடித்தோம், வடிகட்டியைப் பிரித்துப் பார்த்தோம், உலோகத் துகளைப் பிடிக்கும் காந்தச் செருகியைக் கழற்றிப் பார்த்தோம், ரோட்டர் தண்டையும் கியர்பாக்ஸ் பிடிப்புகளையும் அங்குலம் அங்குலமாகச் சோதித்தோம். ஒரு கோளாறும் இல்லை. நிர்வாகத்துக்கு நான்கு நாள் வருமானம் போன கோபம். அவனைக் கூப்பிட்டு என்ன சொன்னார்கள் என்று தெரியாது, ஆனால் முகம் சிவந்து வெளியே வந்தான். அந்த நான்கு நாளும் ஹேங்கரில் எனக்கு டார்ச் பிடித்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு அவன் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தால் நான் இரண்டாவது தடவை கேட்டதே இல்லை.

ஹேங்கரில் நிற்கும் ஆளுக்கும் விமானிக்கும் அப்படி என்ன நெருக்கம்?

'கொடி வைப்பது' என்று ஒரு வேலை இருந்தது. இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ரோட்டரின் பிளேடுகள் எல்லாம் சுற்றும்போது ஒரே உயரத்தில் போக வேண்டும். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் உதறல் வரும். அந்த உதறல் விமானியின் முதுகைக் கெடுக்கும், இயந்திரத்தின் பாகங்களையும் தின்னும். எந்த பிளேடு எவ்வளவு உயரத்தில் போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு கம்பில் விறைப்பான துணியைக் கட்டி நிற்க வைத்திருப்போம். ஒரு பிளேடு நுனியில் சிவப்பு, இன்னொன்றில் நீலம் என்று மெழுகுச் சாக்குக்கட்டி தடவுவோம். தரையில் நின்றபடி ரோட்டர் முழு வேகத்தில் சுற்றும். நான் அந்தக் கம்பைத் தரையில் ஊன்றி, துணியை மெதுமெதுவாக பிளேடு நுனியை நோக்கிச் சாய்ப்பேன். தட் என்று ஒரு தொடுதல். உடனே பின்னால் இழுத்துக்கொள்வேன். துணியில் சிவப்பும் நீலமுமாக இரண்டு கோடு விழுந்திருக்கும். அந்த இடைவெளியைப் பார்த்து, பிளேடின் கோணத்தை மாற்றும் இணைப்புத் தண்டைத் திருகிச் சரிசெய்ய வேண்டும்.

அந்த நுனி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று தெரியுமா? பெல் 206 போன்ற ஒரு சிறிய ஹெலிகாப்டரில் ரோட்டர் நிமிடத்துக்கு 394 சுற்று. நுனியில் அது விநாடிக்கு 200 மீட்டருக்கும் மேல். நான் நிற்பது அதிலிருந்து ஒரு கை தூரத்தில். உள்ளே இருப்பவன் சைக்ளிக்கை, அதாவது ஹெலிகாப்டரைச் சாய்க்கும் பிடியை, ஒரு விரல்கடை அசைத்தால் போதும், சுற்றும் வட்டம் என் பக்கம் சாயும். விமானி என்னையே பார்த்துக்கொண்டு, கையை அசைக்காமல், மூச்சைக்கூட அளந்து விட வேண்டும்.

மற்ற விமானிகளோடும் கொடி வைத்திருக்கிறேன். அவன் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் என் கால் நடுங்கியதில்லை. பிற்பாடு ஒளி விளக்கு வைத்துப் பார்க்கும் கருவி வந்தது, அப்புறம் கணினி வந்தது. கொடிக்கு வேலை போய்விட்டது. எங்களுக்குள் 'டேய்' வந்தது அந்தக் கொடிக் காலத்தில்தான்.

மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்திருப்பார்?

அவனுடைய லாக்புக்கில் கடைசியாக நிற்கும் எண் 11,642.3. புள்ளிக்குப் பின்னால் உள்ளதைக் கவனியுங்கள். பறக்கும் நேரத்தைப் பத்தில் ஒரு பங்காக எழுதுவோம், 0.1 என்றால் 6 நிமிடம். ஆறு நிமிடப் பயணத்தைக்கூட விடாமல் எழுதியிருக்கிறான். ஆனால் 'பதினைந்தாயிரம் மணி நேரம்' என்று சிலர் எழுதுகிறார்கள். தயவுசெய்து கூட்ட வேண்டாம். இருப்பதே பெரிய எண்.

ஹெலிகாப்டர் ஓட்டுவது விமானம் ஓட்டுவதைவிடக் கடினமா? அவர் என்ன சொல்வார்?

"கையை எடுத்தால் விமானம் தன்பாட்டுக்குப் போகும், ஹெலிகாப்டர் தன்பாட்டுக்கு விழும்" என்பான். தானியங்கிக் கருவி இல்லாத இயந்திரங்களைப் பற்றிய பேச்சு அது. அவன் வாழ்நாளில் பெரும்பகுதி ஓட்டியது அப்படிப்பட்டவற்றைத்தான். இடது கையில் கலெக்டிவ், அது ஏற்றி இறக்குவது. வலது கையில் சைக்ளிக், அது சாய்ப்பது, திசைக்குக் கொண்டுபோவது. இரண்டு காலிலும் பெடல், வால் ரோட்டருக்கு. ஒன்றை அசைத்தால் மற்ற இரண்டையும் அசைத்தாக வேண்டும். கலெக்டிவை உயர்த்தினால் உடல் ஒரு பக்கம் திரும்பும், அதைக் காலால் பிடிக்க வேண்டும், காலால் பிடித்தால் பக்கவாட்டில் நகரும், அதைக் கையால் பிடிக்க வேண்டும். ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்கிற ஹெலிகாப்டரைக் கீழிருந்து பார்த்தால் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். உள்ளே விமானியின் கை ஒரு கணம்கூட ஓய்ந்திருக்காது.

அவன் கை அசைவதே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன். முன்கையைத் தொடைமேல் சாய்த்து வைத்திருப்பான், இரண்டு விரல்தான் வேலை செய்யும்.

என்ஜின் நின்றால் ஹெலிகாப்டர் கல்லைப்போல விழுமா? என்ஜின் நின்றுபோன ஹெலிகாப்டரை அவர் ஒரு கட்டட மாடியில் இறக்கினார் என்கிறார்களே?

முதல் பாதிக்குப் பதில்: விழாது, விமானி விழித்திருந்தால். என்ஜின் நின்றதும் அதற்கும் ரோட்டருக்கும் உள்ள தொடர்பு தானாகவே விட்டுப்போகும். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுகிறதே, அதுபோல. விமானி உடனே கலெக்டிவைக் கீழே இறக்க வேண்டும். உடனே என்றால் ஓரிரு விநாடிக்குள். அப்போது கீழிருந்து மேலே வரும் காற்று ரோட்டரைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். ஆட்டோரொட்டேஷன் என்பது இதைத்தான். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, கடைசியில் ரோட்டரில் மிச்சமிருக்கும் சுழற்சியைச் செலவழித்துப் பூப்போல இறக்க வேண்டும். அந்தச் சுழற்சி ஒரு தடவைக்குத்தான் இருக்கும். மறுவாய்ப்பு கிடையாது.

இரண்டாவது பாதி: மாடியில் இறக்கிய கதை உண்மையில்லை. அவன் காதுக்கும் அந்தக் கதை வந்தது, ஒவ்வொரு தடவையும் மறுத்தான். நடந்தது இதுதான். இரண்டு பயணிகளோடு ஏறக்குறைய 900 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தபோது டர்பைன் நின்றது. எரிபொருளைக் கட்டுப்படுத்தும் பாகத்தில் கோளாறு என்று பிறகு பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது. அறுவடை முடிந்த வயல் ஒன்றில் இறக்கினான். மேலிருந்து தரைக்கு வர ஏறக்குறைய அரை நிமிடம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இறங்குசட்டம் மண்ணில் புதைந்து வளைந்துவிட்டது.

அறிக்கையில் அவன் எழுதிய வரி எனக்கு மனப்பாடம்: "மூக்கைத் தூக்கியது சற்று முன்கூட்டி. அதனால் கடைசியில் ரோட்டர் வேகம் போதவில்லை, கடினமாக அமர்ந்தது." மூன்று உயிரை இறக்கி வைத்த ஒருவன், அதே நாள் மாலை உட்கார்ந்து தன் குறையை எழுதுகிறான். எனக்கு மாடிக் கதையைவிட இந்த வரிதான் பெரிது.

அவர் அடிக்கடி சொல்லும் பழைய கதைகள் எவை?

இரண்டு. அவனிடம் கற்றவர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள்.

ஒன்று, 1945 நவம்பர் 29. அமெரிக்காவின் கனெக்டிகட் கரைக்கு அப்பால் புயலில் ஓர் எண்ணெய்ப் படகு பாறைத் திட்டில் சிக்கிக்கொண்டது. அதில் இரண்டு பேர். சிக்கோர்ஸ்கியின் ஆர்-5 ஹெலிகாப்டரை ஜிம்மி வினர் ஓட்டிப்போய், வின்ச்சின், அதாவது ஆளைத் தூக்கும் கயிற்று உருளையின், கயிற்றை இறக்கி இருவரையும் மீட்டார். இரண்டாவது ஆளைத் தூக்கும்போது வின்ச் பாதியில் சிக்கிக்கொண்டது. அவரைத் தொங்கியபடியே கரைக்குக் கொண்டுபோனார்கள். சிவில் ஹெலிகாப்டர் ஒன்றுக்கு முதல் சான்றிதழ் கிடைத்ததே 1946 மார்ச்சில்தான், பெல் 47-க்கு. அதற்கும் முன்பே வின்ச்சில் ஆளைத் தூக்கிவிட்டார்கள் என்று சொல்லும்போது அவன் கண் விரியும். தானும் எத்தனையோ பேரை அதே மாதிரிக் கயிற்றில் தூக்கியவன், அந்த முதல் ஆளைப் பற்றிச் சொல்லும்போது சின்னப் பையனாகிவிடுவான்.

இன்னொன்று, 1972 ஜூன் 21. பிரெஞ்சு விமானி ழான் பூலே ஒரு லாமா ஹெலிகாப்டரில் 12,442 மீட்டர் உயரத்துக்கு ஏறினார். அங்கே என்ஜின் அணைந்துவிட்டது, மறுபடி மூட்ட முடியவில்லை. அந்த உயரத்திலிருந்து தரைவரை ஆட்டோரொட்டேஷனிலேயே இறங்கி வந்தார். பயிற்சியில் முதல்முறை என்ஜினைக் குறைத்துக் காட்டும்போது மாணவனுக்குக் கை வியர்க்கும். அப்போது இந்தக் கதையைச் சொல்வான். "அவருக்கு யோசிக்க நேரம் இருந்தது. உனக்கு இருக்காது. அதனால் இப்போதே யோசித்துக்கொள்" என்று முடிப்பான்.

அவர் பேச மறுத்த பயணம் ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டோம்.

உண்டு. அவன் பிற்காலத்தில் மாணவர்களிடம் தானே சொல்லத் தொடங்கியதால்தான் இங்கே எழுதுகிறேன். முதல் ஒன்பது வருஷம் என்னிடம்கூட வாய் திறக்கவில்லை.

மலையில் மூன்று பேர் சிக்கியிருந்தார்கள். மாலை நேரம். உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும். என்ஜினுக்கும் வலு குறையும், பிளேடுக்கும் பிடிப்பு குறையும். எடையைக் குறைக்க எரிபொருளை அளவாகத்தான் நிரப்பிக்கொண்டு போக முடியும். போனான். சத்தம் கேட்கும் தூரம்வரை போய்விட்டான். மேகம் இறங்கி மலைமுகட்டை மூடிவிட்டது. ஒருமுறை சுற்றினான், இன்னொரு பக்கமாக முயன்றான், இடைவெளியே இல்லை. திரும்பிவிட்டான்.

வந்து இறங்கியதும் தொட்டியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தது நான். 14 நிமிடம் பறக்கப் போதுமான எரிபொருள். இன்னொரு சுற்றுச் சுற்றியிருந்தால், வழியில் காற்று கொஞ்சம் எதிராக அடித்திருந்தால், அவனும் கூட இருந்தவரும் திரும்பியிருக்க மாட்டார்கள். இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை, என் கையால் அளந்த அளவை வைத்துச் சொல்கிறேன்.

மறுநாள் விடியுமுன் கிளம்பிப் போனான். இரண்டு பேரை உயிரோடு கொண்டுவந்தான். மூன்றாவது ஆள் இரவில் குளிரில் இறந்துவிட்டார்.

சில வாரம் கழித்து அந்த இறந்தவரின் வீட்டுக்குப் போனான். யாரும் போகச் சொல்லவில்லை. "அன்று மாலை நான் வந்தேன், திரும்பிவிட்டேன், காரணம் இது" என்று சொல்வதுபோல எல்லாவற்றையும் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "உங்க ஹெலிகாப்டர் சத்தம் என் பையனுக்குக் கேட்டிருக்குமா?" இவன், "கேட்டிருக்கும்" என்றானாம்.

'கேட்டிருக்காது' என்று சொல்லியிருக்கலாமே என்று நான் அவனிடம் கேட்டேன். வெகுநேரம் பதில் சொல்லவில்லை. "கூட இருந்த ரெண்டு பேர் என்னிடம் சொன்னார்களே, கேட்டது என்று. நாளைக்கு அவர்கள் அந்த அம்மாவிடம் சொன்னால்?" என்றான்.

அவன் திரும்பியது சரி. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை, அன்றைக்கும் இல்லை. அவனுக்கும் சரியென்று தெரியும். தெரிந்ததால் பாரம் குறைந்துவிடவில்லை.

கோபக்காரர் என்பார்களே?

ஆமாம். ரோட்டர் சுற்றும்போது பின்பக்கமாக யாராவது நடந்து வந்தால் அவன் போட்ட சத்தம் என்ஜினைத் தாண்டிக் கேட்கும். வால் ரோட்டர் சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது. முன்பக்கமாக, விமானியின் கண்ணுக்குத் தெரியும்படி, குனிந்து, அவன் கைகாட்டிய பிறகுதான் வர வேண்டும். சரிவான இடத்தில் மேட்டுப் பக்கமிருந்து வரவே கூடாது, அங்கே பிளேடு தலைமட்டத்தில் இருக்கும். இந்தக் கோபத்துக்கு நான் அவன் கட்சி.

ஆனால் எல்லாக் கோபமும் அப்படியில்லை. காத்திருக்க வைத்தால் சிடுசிடுப்பான். சின்னப் பையன்களை நாலு பேர் முன்னால் திட்டிவிடுவான், பிறகு தனியாகக் கூப்பிட்டு வருந்துவான். திட்டியது எல்லோருக்கும் தெரிந்தது, வருந்தியது அந்தப் பையனுக்கு மட்டும்தான் தெரிந்தது. அது சரியில்லை என்று அவனிடமே சொல்லியிருக்கிறேன்.

அவரிடம் பயின்றவன் நான். அவர் சொல்லிக்கொடுத்ததில் எதை நீங்கள் முக்கியமாக நினைக்கிறீர்கள்?

நான் விமானி இல்லை, அதனால் ஹேங்கர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கோளாறை எழுதும் விதம்.

பெரும்பாலான விமானிகள் 'உதறல் இருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போவார்கள். அதை வைத்துக்கொண்டு நாங்கள் இரவெல்லாம் தேட வேண்டும். அவன் எழுதுவான்: "வேகம் 90-ஐத் தாண்டும்போது மட்டும், சுற்றுக்கு ஒன்று, மேலும் கீழுமாக. இறங்கும்போது இல்லை." இன்னொரு நாள்: "பெடலில் மட்டும் மெல்லிய கூச்சம், எல்லா வேகத்திலும்." முதலாவது என்றால் பெரிய ரோட்டரில் பிளேடு உயரத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாவது என்றால் வால் ரோட்டர் பக்கம் போக வேண்டும், அது வேகமாகச் சுற்றுவதால் உதறலும் நுணுக்கமாகக் கூச்சம்போல வரும். பாதி வேலையை அவனே முடித்துக் கொடுத்துவிடுவான். "உடம்பில் எங்கே தெரிகிறது என்று எழுது. முதுகிலா, கையிலா, பாதத்திலா?" என்று உங்களிடமும் சொல்லியிருப்பான். அதை விட்டுவிடாதீர்கள்.

ஏன் பறப்பதை நிறுத்தினார்?

காது. இளமையில் தலைக்கவசத்துக்குள் காது அடைப்பான் வைக்கவே மாட்டான். "இயந்திரம் பேசுவது கேட்காது" என்பான். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு, ஆனால் விலை அதிகம். ஒரு வருஷம் மருத்துவப் பரிசோதனையில் கேட்கும் திறன் போதவில்லை என்று வந்துவிட்டது. முதுகும் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. ஒரு பக்கம் சாய்ந்து குனிந்து, அதிர்வில் முப்பது வருஷம் உட்கார்ந்தால் எந்த முதுகும் தாங்காது. இதைப் படிக்கும் இளம் விமானிகள் காதில் அடைப்பானை வையுங்கள்.

பிறகு எப்படி இருந்தார்?

முதல் வருஷம் மோசம். ஹேங்கர் பக்கமே வரவில்லை. அப்புறம் தரையில் வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள், சரியாகிவிட்டான்.

மாமா, அப்பா வேலையில் இருக்கும்போது எங்களை நினைப்பாரா? (இது அவன் மகள் கேட்டது. அவள் அனுமதியோடு போடுகிறேன்.)

பறக்கும்போது நினைத்திருக்க மாட்டான்மா. உன் மனசுக்கு இதமாக வேறு மாதிரிச் சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் உன் அப்பாவைப் பற்றிப் பேசும்போது அது முடியவில்லை. மேலே போனால் அவனுக்குக் காற்று, எடை, எரிபொருள், இறங்க இடம், இவ்வளவுதான். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்தான்.

தரையில் வேறு கதை. நீ பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா போனாய் அல்லவா, பஸ்ஸில்? அன்று காலை அவன் வானிலை அலுவலகத்துக்கு ஃபோன் செய்து நீ போகும் வழி முழுக்க மழை, பனிமூட்டம் எல்லாம் கேட்டு ஒரு தாளில் குறித்துவைத்தான், தானே பறக்கப் போவதுபோல. மத்தியானம் மறுபடி கேட்டான். நான் பக்கத்தில் நின்றேன். உன் பிறந்தநாள்களில் பலவற்றுக்கு அவன் வரவில்லை என்பதும் உண்மை. அது அவனுக்கும் தெரியும்.

கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

இறப்பதற்குப் பதினோரு நாள் முன்பு. படுக்கை ஜன்னலோரமாகப் போடப்பட்டிருந்தது. பேச்சு மெதுவாகத்தான் வந்தது. நான் எதையோ சொல்லிக்கொண்டிருந்தபோது தூரத்தில் ஒரு ஹெலிகாப்டர். அவனுக்குக் காது கேட்காதே, நான் கவனிக்காததுபோல் இருந்தேன். ஆனால் அவன் கையை நீட்டி ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தான். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான்.

"ரெண்டு பிளேடு" என்றான்.

இரண்டு பிளேடு இயந்திரங்களின் ஓசை தனி, அடித்து அடித்து வரும், கண்ணாடி அதிரும். நான் எழுந்து வாசலுக்குப் போவதற்குள் அது கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. திரும்பி வந்தேன்.

"பாத்தியா?"

"பாக்கலடா. போயிடுச்சு."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பானோ என்று வழியெல்லாம் யோசித்தேன். அவன் என்னவோ தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான், கை கண்ணாடியில் இருந்தபடியே.

அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததை எழுதி அனுப்பலாமா? என்ன எழுதுவது?

அனுப்புங்கள். அவன் மகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்க்கிறாள். 'மாவீரர்', 'வானத்தின் ராஜா' என்றெல்லாம் வேண்டாம். நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை எழுதுங்கள். எந்த வருஷம், எந்த இயந்திரம், அவன் என்ன சொன்னான். நினைவில்லாத இடத்தை நிரப்பாமல் விட்டுவிடுங்கள். அவன் உங்களைத் திட்டியதும் வரலாம். மலையிலிருந்து மீட்கப்பட்ட ஒருவர் நான்கே வரி அனுப்பியிருக்கிறார்: வின்ச்சில் மேலே வந்ததும் விமானி திரும்பிப் பார்த்து ஒருமுறை தலையசைத்ததாகவும், அந்த முகத்தை வேறெங்கும் பார்க்கவில்லை என்றும். அது போதும்.

கொடித் துணி ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

ஒன்றே ஒன்று. என் கருவிப் பெட்டியின் அடித்தட்டில் மடித்து வைத்திருந்தேன். போன வாரம் மகளிடம் கொடுத்துவிட்டேன், லாக்புக்குகளோடு சேர்த்து வைத்திருக்கிறாள். மேலே சிவப்பும் நீலமும் ஒரு விரல் இடைவெளியில் இருக்கும், அது முதல் தடவை தொட்டது. கீழே இன்னொரு தொடுதல், இணைப்புத் தண்டைத் திருகிய பிறகு. அதில் இரண்டு நிறமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து ஊதாவாகத் தெரியும். பக்கத்தில் தேதி இருக்கும். தேதி மட்டும் அவன் கையெழுத்து.